ஜப்பானுக்கு எத்தனை கம்பனி?

பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொப்பியும் பேனையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க ஏற்றுமதிக் கம்பனியில வேல செஞ்சவங்கதானே. நம்ம மாவட்டத்துல இருந்து ஜப்பானுக்கு எத்தன கம்பனி சாமான் அனுப்புது? செயற்திட்டத்துக்கு வேணும். ஒரு நம்பர் சொன்னா போதும்."

நானும் ஒரு நம்பர்தானே என்று நினைத்தேன். மாத்தளையில் ஒரு மசாலாப் பொருள் ஏற்றுமதிக் கம்பனியில் எட்டு வருஷம் ஷிப்பிங் பகுதியில் இருந்தவள் நான். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று மூட்டை மூட்டையாகப் போனவற்றுக்கெல்லாம் தாள் எழுதியிருக்கிறேன். இப்போது எங்கள் நுவரெலியா மாவட்டத்து ஹட்டனில் சின்னச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பத்து நிமிஷம் போதும் என்றுதான் பிள்ளையை உட்காரச் சொல்லி, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஆகிறது. அவளுடைய செயற்திட்டம் ஒரு பக்கம் போய்விட்டது. என் கொப்பி இன்னும் முடியவில்லை.

முதலில் எல்லாரும் போகும் வழியிலேயே போனோம். ஒரு சரக்கு நாட்டை விட்டு வெளியேற வேண்டுமானால் சுங்கத்துக்கு ஒரு பிரகடனம் போக வேண்டும். அனுப்புகிறவர் யார், அவருடைய வரி அடையாள இலக்கம் என்ன, எந்த நாட்டுக்குப் போகிறது, என்ன பொருள், எத்தனை கிலோ, என்ன விலை என்று அதில் எல்லாம் இருக்கும். பொருளுக்கு ஒரு எண் உண்டு. தேயிலைக்கு 0902. அதற்குள் 090230 என்றால் மூன்று கிலோவுக்கு மேற்படாத பொதியில் உள்ள கறுப்புத் தேயிலை. 090240 என்றால் அதைவிடப் பெரிய மூட்டையில் போகும் கறுப்புத் தேயிலை. இந்த ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஜப்பானில் இறக்குகிறவரும் இதே எண்ணைத்தான் எழுதுவார்.

ஆக, கணக்கு எடுக்கிறவருக்கு வேலை சுலபம். ஒரு வருஷத்துப் பிரகடனங்களில் ஜப்பான் என்று உள்ளவற்றைப் பிரித்து, வரி இலக்கங்களை ஒரு தடவைக்கு மேல் எண்ணாமல் எண்ணினால், ஜப்பானுக்கு அனுப்பும் நிறுவனங்களின் தொகை வந்துவிடும். அந்த இலக்கத்துக்கு எதிரே உள்ள முகவரியைப் பார்த்தால் மாவட்ட வாரியாகவும் பிரித்துவிடலாம். பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

சரி, முகவரியைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். தேயிலை ஏற்றுமதி செய்கிறவர்கள் இலங்கைத் தேயிலைச் சபையில் பதிய வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலில் முகவரிகளை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தேன். கொழும்பு, கொழும்பு, வத்தளை, களனி, பேலியகொடை, மறுபடியும் கொழும்பு. கண்டி என்று எங்காவது வந்தால் பிள்ளை பேனையைத் தூக்குவாள். நுவரெலியா மாவட்டத்துக்கு என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. தகவல் கேட்டு ஒரு அலுவலகத்துக்கும் போனோம். "ஏற்றுமதி என்றால் கொழும்பில்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இந்த மலையெல்லாம் என்னக்கா?"

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அப்போது தேயிலை பலகைப் பெட்டியில் போகும். உள்ளே ஈயத்தாள் மாதிரி மினுங்கும் தாள், ஓரங்களில் தகரப் பட்டை. பெட்டியை அடைத்து ஆணி அடித்த பிறகு, வெட்டுத் தகடு ஒன்றை மேலே வைத்துக் கறுப்பு மையைப் பூசி எழுத்து அடிப்பார்கள். தோட்டத்தின் மார்க், அதாவது தேயிலை விற்கப்படும் பேர், கீழே பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எஃப். என்று ரகம், இன்வாய்ஸ் நம்பர், பெட்டி நம்பர், பெட்டியோடு எடை, பெட்டியில்லாமல் எடை. அந்த எழுத்து அடிக்கிற வேலை அப்பாவுடையது. சாயங்காலம் அவர் விரல் நகத்தில் மை இருக்கும். எங்கள் தோட்டத்துப் பேரை அவர் கையால் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி கொழும்பு வரைக்கும்தான் அந்தப் பேரோடு போகிறது என்பது மாத்தளையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கொழுந்து மலையிலிருந்து மடுவம் என்கிற கொட்டகைக்கு வந்து, எடை பார்த்து ஸ்டோருக்குப் போகும். வாட்டி, உருட்டி, பதமாக நொதிக்க விட்டு, காய வைத்து, சலித்து ரகம் பிரிப்பார்கள். ஒரே ரகத்தில் குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் அதற்கு ஒரு இன்வாய்ஸ் நம்பர் விழும். அது கொழும்பில் தரகரின் களஞ்சியத்துக்குப் போகிறது. தரகர் மாதிரி எடுத்து ருசி பார்த்து, விலைப்பட்டியலில் ஒரு லொட் நம்பர் கொடுத்து ஏலத்துக்கு விடுவார். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. இன்றைக்கும் இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும் பங்கு இந்த ஏலத்தின் வழியாகத்தான் விற்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது ஏலத்தைக் கணினிக்கு மாற்றினார்கள்.

ஏலத்தில் எடுக்கிறவர்தான் ஏற்றுமதியாளர். அவர் எங்கள் டிம்புள்ளத் தேயிலையில் கொஞ்சம், ஊவாவில் கொஞ்சம், ருகுணுவில் கொஞ்சம் என்று பல லொட்டுகளைச் சேர்த்துத் தன் வாடிக்கையாளர் கேட்ட சுவைக்குக் கலக்கிறார். கலந்ததைப் பொதி செய்து கப்பலில் ஏற்றுகிறார். சுங்கப் பிரகடனத்தில் விழுவது அவருடைய பெயரும் அவருடைய முகவரியும். அவர் செய்வது சின்ன வேலை என்று நான் சொல்ல வரவில்லை. சந்தை தேடுவதும், கடனுக்குப் பொருள் கொடுத்துவிட்டுக் காசு வரும்வரை காத்திருப்பதும் லேசான காரியமில்லை. கணக்கின் பார்வையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். ஏலக் கட்டை விழுந்த நேரத்தில் தலவாக்கலை, பொகவந்தலாவை, நானுஓயா என்று அத்தனை ஊர்ப் பெயரும் அழிந்து ஒரே ஒரு கொழும்பு முகவரியாகிவிடுகிறது.

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்டார், 1873இல் 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்த 23 இறாத்தலை யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் ஒரு தோட்டத்தின் பேரைச் சொல்லலாம். 2024இல் இலங்கை ஏற்றுமதி செய்த தேயிலை ஏறத்தாழ 245 மில்லியன் கிலோ, அதன் வருமானம் 1.4 பில்லியன் டொலருக்கு மேல். அதில் எந்த மலை எந்த நாட்டுக்குப் போனது என்று கேட்டால் முகவரிப் பட்டியல் வாய் திறக்காது.

தோட்டக் கம்பனிகள் இருக்கின்றனவே, அவற்றை எங்கள் மாவட்டத்தில் சேர்க்கலாமே என்று பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. எழுபதுகளில் அரசாங்கம் எடுத்த தோட்டங்களின் நிர்வாகத்தை 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். அவற்றுக்குப் பெயரே பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். பெயரில் பிராந்தியம் இருந்தாலும் தலைமை அலுவலகம் பெரும்பாலும் கொழும்பில். முகவரியை வைத்து எண்ணுகிறவருக்கு அவையும் மேல் மாகாணத்துக் கம்பனிகள்தான். தொண்ணூறுகளில் கிராமப்புறங்களுக்கு வந்த ஆடைத் தொழிற்சாலைகளின் கதையும் இதேதான். மெஷினில் இருப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள், பதிவு வேறு ஊரில்.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவில் மாநில வாரியாக ஏற்றுமதிக் கணக்கு போடுகிறார்கள். அதில் லூசியானா மாநிலம் பெரிய தானிய ஏற்றுமதி மாநிலமாகத் தெரியும். அந்தச் சோளமும் சோயாவும் விளைவது வடக்கே அயோவா, இலினோய் போன்ற மாநிலங்களில். மிசிசிப்பி ஆற்றில் படகில் வந்து லூசியானாத் துறைமுகத்தில் கப்பலேறுவதால் கணக்கு அங்கே சேர்கிறது. எங்கள் தேயிலை லொறி ஏறிக் கினிகத்தேனை வழியாக இறங்குகிறது, அவர்களுடைய சோளம் ஆற்றில் இறங்குகிறது.

பிரித்தானியாவில் வரி, சுங்கத் திணைக்களம் ஒவ்வொரு பிராந்தியத்திலிருந்தும் எத்தனை நிறுவனங்கள் எந்த நாட்டுக்குப் பொருள் அனுப்புகின்றன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அவர்களும் முன்பு தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முழுவதையும் எழுதினார்கள். பிறகு மாற்றினார்கள். இப்போது ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் எந்தெந்தப் பிராந்தியத்தில் எத்தனை பேர் என்று வணிகப் பதிவேட்டில் பார்த்து, அந்த விகிதத்தில் வர்த்தகத்தைப் பிரிக்கிறார்கள். எண்ணிக்கையையும் இரண்டு விதமாகத் தருகிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு மூன்று பிராந்தியத்தில் ஆட்கள் இருந்தால், மூன்றிலும் ஒவ்வொன்றாக எண்ணுவது ஒரு விதம். ஊழியர் விகிதப்படி அரை, கால் என்று பங்கிட்டு எண்ணுவது இன்னொரு விதம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த முறையில் எங்கள் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், மலையில் கொழுந்து பறிக்கிறவர்களும் ஸ்டோரில் நிற்கிறவர்களும் எத்தனை பேர்? ஊழியர் எங்கே இருக்கிறார்களோ அங்கே கணக்கு என்று வைத்தால், அந்தக் கம்பனி ஏறக்குறைய முழுசாக மலையேறி வந்துவிடும்.

ஆனால் அதுவும் முழுப் பதில் இல்லை. தோட்டக் கம்பனி ஏலத்தில் விற்றுவிட்டு நின்றுவிட்டால், அது ஏற்றுமதியாளரே இல்லை. ஊழியரை வைத்துப் பிரிக்கும் முறை ஏற்றுமதி செய்கிற நிறுவனத்தைத்தான் பிரிக்கும். அதற்கு விற்றவரைத் தேடிப் போகாது. எங்கள் பக்கத்து வியாபாரங்களில் பெரும்பாலானவை விற்றவர் பக்கத்தில்தான் நிற்கின்றன.

மாத்தளையில் இது எனக்கு நேரே தெரியும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி மிளகு. அதைக் காய வைத்துக் கடைச் சந்தியில் உள்ள வியாபாரியிடம் கொடுப்பார்கள். அவர் பத்து இருபது வீட்டுச் சரக்கைச் சேர்த்துப் பெரிய வியாபாரியிடம் கொடுப்பார். அங்கிருந்து எங்கள் கம்பனிக்கு. நான் தாள் எழுதும்போது எங்கள் கம்பனி ஒன்று என்று எண்ணிக்கையில் விழும். உக்குவளையிலும் ரத்தோட்டையிலும் இருந்த கைகள் எதுவும் அதில் விழாது. அந்த எட்டு வருஷத்தில் மிளகு எந்த மாவட்டத்தில் காய்த்தது என்று நான் ஒரு தாளிலும் எழுதியதில்லை.

இன்னொரு பக்கம் தலைகீழான சங்கதியும் உண்டு. வியட்நாம் மிளகை இறக்குமதி செய்து, இலங்கை மிளகு என்று சொல்லி, சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று சில வருஷங்களுக்கு முன் பெரிய பிரச்சினை எழுந்தது. இந்திய விவசாயிகள் கொதித்தார்கள், இங்கே எங்கள் மிளகுக்காரர்களும் கொதித்தார்கள். அப்படிச் செய்த கம்பனியும் இந்தியாவுக்கு அனுப்பும் நிறுவனங்கள் என்ற எண்ணிக்கையில் ஒன்றுதான். விளைந்த ஊர் விடுபட்டுப் போகும் அதே பட்டியலில் விளையாத சரக்கும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

நாடு என்ற கட்டமும் அவ்வளவு நம்பகமானதில்லை. டுபாய்க்குப் போகும் தேயிலை எல்லாவற்றையும் டுபாய்க்காரர்கள் குடிப்பதில்லை. அங்கே கலந்து, பொதி செய்து வேறு நாடுகளுக்குப் போகிறது. கண்டியில் தேயிலைக் கடைகளில் ஜப்பான் சுற்றுலாப் பயணிகள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்களே, அது எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் வராது. மாலைதீவுக்கு விமானத்தில் போகும் லீக்ஸ், கரட் நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளைந்திருக்கும், அனுப்பியவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பார். இன்னும் ஒன்று. ஒரு சின்ன மாவட்டத்திலிருந்து ஒரு நாட்டுக்கு அனுப்புகிறவர் ஒருவரோ இருவரோதான் என்றால், அவர்களுடைய வியாபார விவரம் வெளியே தெரிந்துவிடும் என்று புள்ளிவிபரத்தில் அந்தத் தொகையை மறைத்துவிடுவது பல நாடுகளில் வழக்கம். நியாயமான வழக்கம்தான். ஆனால் அதனால் சின்ன இடங்கள் இரண்டாவது தடவையும் காணாமல் போகின்றன.

இதெல்லாம் வெறும் கணக்குத் தகராறு, எங்கே எழுதினால் என்ன என்று என் தம்பி கேட்டான். அவனுக்கு நான் சொன்ன இரண்டு சம்பவங்களை இங்கேயும் எழுதுகிறேன்.

2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன ஒரு தேயிலைச் சரக்கில் கப்ரா வண்டு இருந்தது என்று சொல்லி, ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. மாதக் கடைசியில் தடை நீங்கியது. நடுவில் இருந்த அந்த நாட்களில், ஏலத்தில் விலை என்னாகும் என்ற பயம் ஒவ்வொரு ஸ்டோரிலும் இருந்தது. ஒரு பெட்டியும் நேரே ரஷ்யாவுக்கு அனுப்பாத ஸ்டோர்களிலும்தான்.

அடுத்தது ஜப்பான், பிள்ளையின் கேள்விக்கு உரிய நாடு. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லியை அரசாங்கம் தடை செய்தது. தேயிலை மலையில் புல் சும்மா இருக்குமா? வேறு களைகொல்லிகளை அடித்தார்கள், அதில் ஒன்று எம்.சி.பி.ஏ. ஜப்பான் ஒவ்வொரு மருந்துக்கும் மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அளவு வைத்திருக்கிற நாடு. தனியாக அளவு சொல்லாத மருந்துக்கு 0.01 பி.பி.எம்., அதாவது நூறு மில்லியன் பங்கில் ஒரு பங்குதான். 2018 வாக்கில் இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. அளவுக்கு மேல் இருப்பதாக ஜப்பான் பக்கம் பிரச்சினை வந்தது. அந்த வருஷமே தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடையைத் தளர்த்தினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஜப்பானுக்கு அனுப்பும் கம்பனிகளுக்கெல்லாம் ஒரு எச்சரிக்கைக் கடிதம் போட வேண்டும் என்றால், முகவரிப் பட்டியலை வைத்துக் கொழும்புக்கும் வத்தளைக்கும் கடிதம் போகும். மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து மலையில் அடித்தவர் இருப்பது டிம்புள்ளயில், ஹப்புத்தளையில். உயர்நிலத் தேயிலையையும் ஊவாப் பருவத் தேயிலையையும் தேடி வாங்கும் சந்தை ஜப்பான். அதனால் அந்த நாடு எடுக்கும் முடிவு முதலில் வந்து விழுவது எங்கள் தலையில். ஏற்றுமதிப் பயிற்சி, கடனுதவி, கண்காட்சிக்கு ஆள் தெரிவு என்று எது வந்தாலும் ஏற்றுமதியாளர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பங்கு பிரிப்பார்கள் என்று வையுங்கள். வெள்ளைப் பக்கம் உள்ள மாவட்டத்துக்கு என்ன வரும்?

தம்பி அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவனுக்குத் தெரிந்த இரண்டு ஸ்டோர்களின் மார்க்கை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தான்.

எனக்குக் கோபத்தை விட நம்பிக்கை அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கணக்கு போட முடியாத கணக்கு இல்லை. என் அப்பா அடித்த எழுத்துகளை நினைத்துப் பார்த்தபோது இது தெளிந்தது. மார்க்கும் இன்வாய்ஸ் நம்பரும் ஸ்டோரில் இருக்கின்றன. அதே மார்க்கும் இன்வாய்ஸ் நம்பரும் லொட் நம்பரோடு தரகரின் விலைப்பட்டியலில் இருக்கின்றன. எந்த லொட்டை யார் எடுத்தார் என்பது ஏலப் பதிவில் இருக்கிறது. எந்தக் கலவையில் எந்த லொட் எத்தனை கிலோ என்று ஏற்றுமதியாளர் தாள் எழுதித்தான் கலக்கிறார். அந்தக் கலவை எந்த நாட்டுக்குப் போனது என்பது சுங்கத்தில் இருக்கிறது. கொழுந்து நிறுத்த மடுவத்திலிருந்து ஜப்பான் துறைமுகம் வரைக்கும் நூல் அறுபடாமல் கிடக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் வேறு வேறு அலமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான். அவற்றை ஒன்றாக வைத்தால், இந்த வருஷம் ஜப்பானுக்குப் போன தேயிலையில் நுவரெலியா மாவட்டத்து மார்க்குகள் எத்தனை என்று சொல்லிவிடலாம். கம்பனியின் ரகசியம் எதையும் திறக்காமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லலாம்.

அதனால் பிள்ளைக்கு நான் ஒரு நம்பர் கொடுக்கவில்லை. கொப்பியை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் பத்தியில் இந்த மாவட்டத்து முகவரியோடு தாங்களே ஜப்பானுக்கு அனுப்புகிறவர்கள். இரண்டாவது பத்தியில் பதிவு வேறு இடத்தில் இருந்தாலும் ஆட்கள் இங்கே வேலை செய்கிற ஏற்றுமதி நிறுவனங்கள். மூன்றாவதில் தாங்கள் அனுப்பாவிட்டாலும் தங்கள் சரக்கு அங்கே போய்ச் சேர்கிறவர்கள். ஒவ்வொரு பேருக்கும் எதிரே எந்த வருஷம், ஒரு தடவை மாதிரி அனுப்பியதா, தொடர்ந்து அனுப்புவதா என்று எழுதச் சொன்னேன். ஒருமுறை அனுப்பி நிறுத்தியவரையும் பத்து வருஷமாக அனுப்புகிறவரையும் ஒன்றாக எண்ணினால் அதுவும் பிழையாகிவிடும். ஆசிரியர் மூன்று நம்பரா என்று முதலில் யோசித்தாராம், அப்புறம் ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது பத்திதான் மெதுவாகப் போகிறது. ஸ்டோர் கிளார்க்மாருக்கு மார்க் தெரியும், இன்வாய்ஸ் தெரியும், எடுத்தவர் பேரும் சில பேருக்குத் தெரியும். எந்த நாட்டுக்குப் போனது என்று கேட்டால் சிரித்துக்கொண்டு கையை விரிக்கிறார்கள். தலவாக்கலைப் பக்கம் ஸ்டோரில் தேயிலை பதம் பார்க்கிற ஒரு வயதான டீ மேக்கர் மட்டும், "ஜப்பான்காரன் எடுக்கிற தேயிலைக்கு வாசம் வேற, காத்து மாறினதும் தெரியும்" என்று சொல்லி, தன் பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தை பிறந்து குளிர்காற்று அடிக்கத் தொடங்கினால் டிம்புள்ளப் பருவம். அப்போது ஸ்டோரில் இரவும் பகலும் வேலை இருக்கும், அவரைப் பிடிக்க முடியாது. அதற்கு முன்னால், வருகிற பௌர்ணமிப் போயா லீவில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.